ஒரே ஒரு பீப்

மார்ச் 2

சின்னவனுக்கு,

நீ கடைசியாகப் பேசிய பிறகு போனை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். சார்ஜும் போடவில்லை. "செத்தவனுக்காக இன்னும் எத்தனை நாள் வாசலைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பே?" என்று கேட்டாய். கேட்டது தப்பு என்று சொல்ல மாட்டேன். போனில் நாம் மூன்று நிமிடம் பேசினால் நாலாவது நிமிடம் சண்டை. கடிதம் அப்படி இல்லை. கோபமாக எழுதினாலும் கவரை ஒட்டுவதற்குள் கொஞ்சம் ஆறிவிடும். அதனால் இனிமேல் எழுதியே பேசுவோம்.

உன் அண்ணன் பெரியவன் போய் இந்த மாதத்தோடு ஏழு வருஷம். ஏழு வருஷம் ஆளைக் காணவில்லை என்றால் இறந்ததாக எழுதிக் கொடுப்பார்கள், அதற்குப் பிறகு இந்த வீட்டை விற்றுவிட்டு நான் உன்னோடு வந்து இருக்கலாம் என்கிறாய். நான் குளியலறையில் வழுக்கி விழுந்த நாளிலிருந்து இதே பேச்சு. உன் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கூடவே இருந்தவள் என்று கையெழுத்துப் போட வேண்டியவள் நான். அவன் எங்கேயாவது மூச்சு விட்டுக்கொண்டிருந்தால், அவனை இல்லாமல் ஆக்கியது என் கை என்றாகிவிடும். முப்பத்து நாலு வருஷம் மூன்றாம் வகுப்பு எடுத்தவள் நான். ஒரு பிள்ளை வராவிட்டால் 'வரவில்லை' என்றுதான் குறித்திருக்கிறேன். அதற்கு மேல் எதுவும் குறித்ததில்லை.

ஒரே ஒரு உதவி செய். அவன் கையால் கட்டிய கம்ப்யூட்டரை ஒரு தடவை ஓடவைத்துக் கொடு. எங்கே போக நினைத்தான், யாருக்காவது எழுதினானா, ஒரு வரி கிடைத்தாலும் போதும். ஒன்றும் இல்லையென்றால் கையெழுத்தைப் போட்டுவிடுகிறேன்.

அவன் போன அன்றைக்கு நாலு பத்துக்கு, "அக்கா, இதுக்கு ஒரு ஃபேன் மட்டும் வாங்கிட்டு வந்துடறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனான். கம்ப்யூட்டர் இருக்கிற அந்த அறையை அதற்குப் பிறகு நான் பெருக்குவதற்கு மட்டும்தான் திறப்பேன். போன மாதம் வெள்ளையடிக்க வந்தவர் எல்லா ஒயரையும் உருவி, பெட்டியை வராந்தாவில் வைத்துவிட்டார். காய்ந்த பிறகு நானே திரும்ப மாட்டினேன். எந்த ஒயர் எந்த ஓட்டையில் நுழைகிறதோ அதில் சொருகினேன். பிள்ளைகள் கட்டம், வட்டம், முக்கோணம் என்று கட்டை பொருத்துவார்களே, அதே மாதிரி. நேற்று பட்டனை அழுத்தினேன். விளக்கு எரிகிறது, உள்ளே ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. ஒரு மணி நேரம் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

நீ ஆஸ்பத்திரியில் எத்தனையோ மிஷினுக்கு உயிர் கொடுக்கிறாய். இதற்கும் ஒரு வழி சொல்.

அக்கா


மார்ச் 6

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. போனை எடுத்து சார்ஜ் போடு என்று சொன்னால் போடமாட்டாய், அதனால் சொல்லவில்லை.

ஓடவைத்துவிடலாம். ஆனால் பேச்சு பேச்சாக இருக்க வேண்டும். ஓடி, அதில் ஒன்றும் இல்லை என்றால் கையெழுத்து. மனுவை இந்த மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

செய்ய வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன். சுவர் சுவிட்சை அணைத்து பவர் ஒயரைக் கழற்று. திரை, கீபோர்டு, மவுஸ், இந்த மூன்றைத் தவிர எது மாட்டியிருந்தாலும் எடுத்துவிடு. பெட்டியின் பக்கவாட்டு மூடிக்கு இரண்டு ஸ்க்ரூ இருக்கும். திறந்து, கை வைப்பதற்கு முன்னால் பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொள். நீளமான பட்டை மாதிரி நிற்பது ரேம். இரண்டு ஓரத்திலும் இருக்கிற கிளிப்பைத் தள்ளினால் மேலே வரும். அடி ஓரத்தில் பொன் நிறத்தில் பல்வரிசை மாதிரி இருக்கிறதே, அதைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துவிட்டு, 'டிக்' என்று கிளிப் விழும்வரை திரும்ப அழுத்து. முக்கால்வாசி கேஸ் இதிலேயே முடிந்துவிடும். வட்டமாக நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். ஏழு வருஷத்தில் அது தீர்ந்திருக்கும். கடிகாரக் கடையில் கிடைக்கும், புதிதாகப் போடு.

செய்துவிட்டு என்ன ஆயிற்று என்று எழுது. சுருக்கமாக எழுது அக்கா. உன் உதாரணங்களைப் படித்து முடிப்பதற்குள் எனக்கு ஷிஃப்ட் முடிந்துவிடுகிறது.

சின்னவன்


மார்ச் 11

சின்னவனுக்கு,

சுருக்கமாக எழுதத்தான் பார்க்கிறேன். வராததை வா என்றால் எப்படி வரும்?

திரை, கீபோர்டு, மவுஸ் தவிர வேறு எதுவும் மாட்டியிருக்கவில்லை. ரப்பர் வீட்டில் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. பட்டையை உருவித் துடைத்தேன். அழுக்கு ஒன்றும் வரவில்லை. தப்பே செய்யாத பிள்ளையைக் கூப்பிட்டுத் திட்டின மாதிரி இருந்தது. பட்டையை வெளியே வைத்துக்கொண்டே ஒரு தடவை பட்டனை அழுத்திப் பார்த்தேன். நீ சொல்லவில்லை, ஒரு ஆசை. 'பீ, பீ, பீ' என்று ஊரைக் கூட்டிவிட்டது. பயந்து அணைத்துவிட்டு, பட்டையைத் திரும்ப வைத்தேன்.

வகுப்பில் பெயர் கூப்பிடும்போது ஒரு பிள்ளையைக் காணவில்லை என்றால் மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து கத்துவார்கள், "டீச்சர், அவன் வரலை, அவன் வரலை" என்று. எல்லாரும் வந்திருந்தால் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் மட்டும் வரும், "எல்லாரும் இருக்கோம் டீச்சர்." பட்டை இல்லாதபோது அது அப்படித்தான் கத்தியது. பட்டையை வைத்த பிறகு சின்னதாக ஒரே ஒரு பீப். அதற்கு மேல் சத்தமில்லை. ஆனால் திரை கறுப்புதான்.

பேட்டரியும் மாற்றினேன். மாற்றமில்லை.

இப்போது வேறொன்று. முந்தாநாள் சாயங்காலம் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். நேற்று நான் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். அந்த அறையிலிருந்து ஒரு பீப். போய்ப் பார்த்தால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது. மணி நாலு பத்து. அணைத்தேன். இன்றைக்கும் நாலு பத்துக்கு வந்தது. நான் அறை வாசலில் நின்றுகொண்டே பார்த்தேன். யாரும் தொடவில்லை.

இன்று அணைக்க மனசு வரவில்லை. எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். தனியாக இருக்கிறவள் எதையாவது பார்த்துப் பேசத்தான் செய்வாள், சிரிக்காதே. உன் மனைவி அனுப்பிய போட்டோ, என் முட்டி வலி, நீ கேட்கிற கையெழுத்து, எல்லாம் சொன்னேன். பெட்டியின் முன்பக்கம் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு இருக்கிறது. நான் பேசினால் அது விட்டு விட்டு எரிகிறது. நிறுத்தினால் கொஞ்ச நேரம் எரிந்து நிற்கிறது. சொல்வதெழுதுதல் வைத்தால் பிள்ளைகள் தலையைக் குனிந்து வேகவேகமாக எழுதி, கடைசி வார்த்தையை முடித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள், அடுத்த வரிக்காக. சரியாக அந்த மாதிரி.

இது எதனால் வருகிறது?

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

தானாக ஆன் ஆவது ஒன்றும் புதிதில்லை. பேய், பிசாசு என்று ஆரம்பித்துவிடாதே. வெள்ளையடித்த ஈரம் பட்டனுக்குள் போயிருக்கும், இரண்டு முனையும் ஒட்டிக்கொள்ளும். தினமும் அதே நேரம் வெயில் ஜன்னல் வழியாக விழுந்து சூடாகிறதோ என்னவோ. சிவப்பு விளக்கு ஹார்ட் டிஸ்க் வேலை செய்கிறது என்பதற்கு. நீ பேசுவதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

முன்பக்கப் பட்டனிலிருந்து மதர்போர்டுக்கு இரண்டு மெல்லிய ஒயர் வரும். நுனியில் கறுப்பு பிளாஸ்டிக் இருக்கும். அதை உருவிவிடு. பட்டன் இல்லை என்றால் தானாக வருவதும் இல்லை. ரேம் துடைத்தும் திரை வரவில்லை என்றால் மதர்போர்டே போயிருக்கலாம். ஏழு வருஷம் சும்மா கிடந்தது, அதிசயமில்லை. அப்படியென்றால் அதில் இருப்பதை எடுக்க இங்கே கொண்டுவர வேண்டும். அதற்கு மாதக் கணக்காகும். மனு அதுவரை காத்திருக்காது.

பத்திரத்தை இதோடு வைத்திருக்கிறேன். மூன்று இடத்தில் பென்சிலால் குறி போட்டிருக்கிறேன், அங்கே கையெழுத்து. அக்கா, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். நீ அந்த அறையில் உட்கார்ந்து ஒரு இரும்புப் பெட்டியோடு பேசுகிறாய் என்று படித்ததும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுபடி விழுந்தால் தூக்குவதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்? எனக்கு அண்ணன் போய்விட்டான். அக்காவாவது மிஞ்ச வேண்டும்.

சின்னவன்


மார்ச் 20

சின்னவனுக்கு,

பத்திரம் இதோடு இருக்கிறது. மூன்று இடத்திலும் போட்டிருக்கிறேன். எப்படிப் போட்டேன் என்பதை உனக்குச் சொல்ல வேண்டும்.

பதினெட்டாம் தேதி பட்டன் ஒயர்களை உருவினேன். இரண்டு நுனியையும் கையில் பிடித்துக்கொண்டு நாலு மணிக்கே போய் உட்கார்ந்தேன். நாலு பத்துக்கு, என் கையில் அந்த ஒயர்கள் இருக்கும்போதே, உள்ளே ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. ஒரு பீப். நேற்றும் அப்படியே. பவர் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கியிருந்தால் வந்திருக்காதே என்று நீ கேட்பாய். பிடுங்கத் தோன்றவில்லை. ஆளில்லாத அறையில் சத்தம் வந்தால் பயப்பட வேண்டும். எனக்குப் பயம் வரவில்லை, அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

இன்று உன் பத்திரத்தை அந்த மேஜையில் விரித்து வைத்துக் காத்திருந்தேன். அது நேரத்துக்கு வந்தது. நான் பத்திரத்தை முழுவதும் வாய்விட்டுப் படித்தேன். "மேற்படி நபர் உயிருடன் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, "பெரியவனே, சின்னவன் பாவம்டா, ரொம்ப பயப்படுறான். போட்டுடவா?" என்று கேட்டேன். சிவப்பு விளக்கு அணையவே இல்லை. நெருப்புக் குச்சியைக் கிழித்துப் பிடித்த மாதிரி நின்று எரிந்தது. கீபோர்டில் ஒரு பச்சை விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. நான் திரையைப் பார்த்தேன். கறுப்பு. அதில் என் மூக்குக்கண்ணாடி மட்டும் தெரிந்தது.

கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஒரு பிள்ளைக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது என்று எனக்கு ஒரு கணக்கு உண்டு. மனதுக்குள் இருபது எண்ணுவேன். அவனுக்காக நூறு எண்ணினேன். அதற்கு மேல் வகுப்பை நடத்தத்தானே வேண்டும்? போட்டேன். முதல் கையெழுத்தில் ஃபேன் உறுமியது, மேஜையே அதிர்ந்தது. இரண்டாவது, மூன்றாவது. பேனாவை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிடம் இருக்கும். ஃபேன் மெதுவாகி, விளக்கெல்லாம் அணைந்து, அதுவே நின்றது. நான் தொடாமல் அது நின்றது இதுதான் முதல் தடவை.

வெயில் தாழ்ந்ததும் போய்த் தபாலில் போட்டுவிடுவேன். நீ நிம்மதியாகச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

நீ என்னைத் திட்டலாம். திட்ட வேண்டும்.

நேற்று ஐ.சி.யூ.வில் ஒரு வென்டிலேட்டரைக் கழற்றி மாட்டி ஆன் செய்தேன். தன்னைத் தானே சோதித்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு பீப் அடித்தது. புதிதாக வந்த நர்ஸ், "என்ன சார், கோளாறா?" என்று கேட்டார். "இல்லம்மா, எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லுது" என்றேன். சொன்ன வாய் மூடவில்லை, உன் கடிதம் ஞாபகம் வந்தது. பையிலிருந்து எடுத்துப் படித்தேன். பெயர் கூப்பிடுகிற கதை. அக்கா, உன் உதாரணம் ஆரம்பித்தால் நான் அடுத்த பத்திக்குத் தாண்டிவிடுவேன். சின்ன வயதிலிருந்து பழக்கம். நீ அந்தக் கதைக்குள்ளே வைத்திருக்கிறாய், ஒரே ஒரு பீப் என்று.

பட்டை இல்லாமல் கத்துகிறது, வைத்ததும் ஒரு பீப் என்றால் மதர்போர்டு நன்றாக இருக்கிறது. ரேம், கார்டு, எல்லாமே நன்றாக இருக்கின்றன. கம்ப்யூட்டர் முதல் நாளிலிருந்தே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. திரைக்குத்தான் படம் போகவில்லை.

பெட்டியின் பின்பக்கம் போய்ப் பார். திரையின் கேபிள் கீபோர்டு ஒயருக்குப் பக்கத்தில், மேலே சொருகியிருக்கும். ஒரே மாதிரி ஓட்டை கீழேயும் ஒன்று இருக்கும், படுக்கை வசத்தில். அதுதான் அண்ணன் தனியாக வாங்கிப் போட்ட கிராபிக்ஸ் கார்டு. அது இருந்தால் மேல் ஓட்டைக்குப் படம் வராது. இரண்டிலும் கேபிள் நுழையும், அதனால் உன் மேல் தப்பில்லை. கீழே மாற்று. பட்டன் ஒயரைத் திரும்ப மாட்டு. அவ்வளவுதான்.

ஒன்று கேட்க வேண்டும். பார்த்த பிறகு கையெழுத்துப் போட்டால் போதும். அவசரமில்லை. அவன் போன அன்று மத்தியானம் சாப்பிடும்போது நான் அவனிடம், "இந்தப் பெட்டியைக் கட்டிக்கிட்டே கிழவனாகப் போறியா? வெளியே போய் நாலு மனுஷங்களைப் பாரு" என்றேன். அவன் சிரித்தான். நீ ரசம் எடுக்கப் போயிருந்தாய், கேட்கவில்லை. இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன். அவன் ஏதாவது எழுதியிருந்தால் எனக்கும் தெரிய வேண்டும்.

சின்னவன்


மார்ச் 25

சின்னவனுக்கு,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. நான் பத்திரத்தை அனுப்பி நாலு நாள் ஆகிவிட்டது. அந்த நாலு நாளும் நாலு பத்துக்கு அது வரவில்லை. நான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தது மட்டும் மிச்சம்.

கேபிளைக் கீழே மாற்றினேன். பட்டன் ஒயரைச் சொருகி அழுத்தினேன். ஒரு பீப். திரை வெளுத்தது. என்னென்னவோ எழுத்துகள் ஓடின. பிறகு ஒரு வெள்ளைப் பக்கம் தானாகத் திறந்துகொண்டது, கோடு போடாத நோட்டு மாதிரி. அதில் இருந்ததை ஒரு எழுத்து மாற்றாமல் கீழே எழுதுகிறேன். இந்தத் தடவை தாண்டாமல் படி.

மார்ச் 1, 4.12. அக்கா, கேபிள் மேல் ஓட்டைல இருக்கு. கீழ மாத்து.

மார்ச் 1, 4.50. அக்கா, கேபிள்.

மார்ச் 9, 4.20. ரப்பர் போட்டு அழிக்கிறியா? அது ஒரு தப்பும் பண்ணலையே.

மார்ச் 9, 4.26. ஒரு பீப் அடிச்சேன். கேட்டுச்சுல்ல? நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம்.

மார்ச் 10, 4.10. நீ வராட்டி நானே வர்றேன். எனக்கு இந்த நேரம்தான் தெரியும்.

மார்ச் 11, 4.35. முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் குடு. சின்னவன்கிட்ட கேளு அக்கா. அவனுக்கு ஒரு பார்வைல தெரிஞ்சிரும்.

மார்ச் 14, 4.15. இங்க வேற ஒண்ணும் தெரியல. உன் முகம் மட்டும் தெரியுது. கண்ணாடில தூசி இருக்கு, தொடச்சுக்கோ.

மார்ச் 18, 4.11. ஒயரைப் பிடுங்கிட்டியா? பரவால்ல. கைய உள்ள விடாத, ஃபேன் வெட்டிரும்.

மார்ச் 20, 4.22. என்ன காகிதம் அது?

மார்ச் 20, 4.29. போடாத.

மார்ச் 20, 4.30. அக்கா போடாத. எதிர்லதான் இருக்கேன். கேபிள் அக்கா. கீழ. கீழ.

மார்ச் 20, 4.31. எண்ணாத. எழுதிட்டேன். பதில் எழுதிட்டேன். பாரு.

மார்ச் 20, 4.40. சரி அக்கா.

அவ்வளவுதான். அதற்குக் கீழே ஒரு சின்னக் கோடு மட்டும் துடித்துக்கொண்டிருக்கிறது.

சின்னவனே, பத்திரத்தைக் கொடுக்காதே. கொடுத்திருந்தால் திரும்ப வாங்கு. காரணம் கேட்டால், டீச்சரம்மா விடையைப் பார்க்காமல் மதிப்பெண் போட்டுவிட்டாள் என்று சொல்.

அக்கா


மார்ச் 29

அக்காவுக்கு,

உன் இருபதாம் தேதிக் கடிதம் இருபத்து நாலாம் தேதி காலையில் வந்தது. என் கடிதம் கிடைத்து, திரையைப் பார்த்துவிட்டுத்தான் போட்டிருப்பாய் என்று நினைத்து, கவரைப் பிரித்துப் பத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வக்கீலிடம் ஓடினேன். அன்றைக்கே கொடுத்துவிட்டோம். உன் கடிதத்தைச் சாயங்காலம்தான் படித்தேன். போன் செய்தேன். இன்னும் துணிக்கு அடியில்தான் இருக்கிறது போல.

நேற்று உன் இன்னொரு கடிதம் வந்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அண்ணன் எங்கேயோ இருக்கிறான், நெட் வழியாக அந்தக் கம்ப்யூட்டருக்குள் வருகிறான் என்று நினைத்தேன். தூரத்திலிருந்து ஒரு கம்ப்யூட்டரை எழுப்ப முடியும், அதற்குப் பட்டன் தேவையில்லை. என் மனைவியைக் கூப்பிட்டு, "உயிரோட இருக்காண்டி" என்று கத்தினேன். அவள்தான் கேட்டாள், "அந்த வீட்டில நெட் கனெக்ஷன் இருக்கா?"

இல்லையே. அவன் போன மறு வருஷமே நீ வேண்டாமென்று வெட்டிவிட்டாய். மூன்று ஒயரைத் தவிர எதுவும் மாட்டியிருக்கவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். கேமராவும் இல்லை, மைக்கும் இல்லை. உன் முகம் தெரிகிறது என்று எப்படி எழுதுகிறான்?

இன்னொன்றும் இருக்கிறது. புதுப் பேட்டரி போட்டால் கம்ப்யூட்டரின் கடிகாரம் ஏதோ பழைய தேதியிலிருந்து ஆரம்பிக்கும். யாராவது உட்கார்ந்து சரியான தேதி வைக்க வேண்டும். நீ வைக்கவில்லை. அந்த வரிகளில் எல்லாத் தேதியும் சரியாக இருக்கிறது. முதல் நாள் உட்பட. அன்றைக்கு அதில் இருந்தது செத்த பேட்டரி.

நான் நேற்றிலிருந்து இதை விளக்கப் பார்க்கிறேன். என்னால் முடியவில்லை.

பத்திரத்தைத் திரும்ப வாங்க நாம் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுக்க வேண்டுமாம். என் கையெழுத்தைப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். உன்னுடையதைப் போட்டு வை. லீவு சொல்லியிருக்கிறேன். ஐந்தாம் தேதி சாயங்காலம் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். வேண்டாம் என்று எழுதாதே. எழுதினாலும் வருவேன்.

அந்தப் பக்கத்தில் என்னைப் பற்றி வேறு ஒரு வரியும் இல்லையா? நான் சொன்னதைப் பற்றி?

சின்னவன்


ஏப்ரல் 2

சின்னவனுக்கு,

உன் கடிதம் இன்று காலையில் வந்தது. இது உன் கையில் கிடைப்பதற்குள் நீ கிளம்பியிருப்பாய். இருந்தாலும் எழுதுகிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன்னைப் பற்றி, மார்ச் 11 அன்று அவன் எழுதிய அந்த ஒரு வரிதான் இருக்கிறது. கோபக்காரன் எழுதுகிற வரியா அது, நீயே திரும்பப் படித்துப் பார். ரசம் எடுக்கப் போனபோது நீ சொன்னது எனக்குக் கேட்டது. ஏழு வருஷமாக நானும்தான் சொல்லவில்லை.

புது மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்த மேஜையில், திரைக்கு எதிரே, நாலு பத்துக்கு. காகிதத்தை இரண்டு கையாலும் தூக்கித் திரைக்கு நேராகக் காட்டினேன். வாய்விட்டும் படித்தேன். இந்தத் தடவை எண்ணவில்லை. இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.

இருபதாம் தேதிக்குப் பிறகு அது தானாக வரவே இல்லை. நான்தான் பட்டனை அழுத்துகிறேன். அந்தப் பக்கம் திறக்கிறது. "சரி அக்கா" என்பதற்குக் கீழே தினமும் நான் ஒரு வரி எழுதுகிறேன். ஒரு விரலால் தேடித் தேடி அடிக்கிறேன், நேரமாகிறது. "பெரியவனே, தப்புப் பண்ணிட்டேன்டா." "திரும்ப வாங்கச் சொல்லிட்டேன்." "கேபிளை மாத்திட்டேன், இப்ப எல்லாம் தெரியுது, எழுது." இப்படி ஒன்பது வரி ஆகிவிட்டது. எல்லாம் என் வரிதான். மனசு கேட்காமல் நேற்று கேபிளைப் பழையபடி மேல் ஓட்டைக்கே மாற்றி, கறுப்புத் திரைக்கு எதிரேயும் உட்கார்ந்து பார்த்தேன். நான் பேசினேன். சிவப்பு விளக்கு சும்மா இருந்தது. திரும்பக் கீழே மாற்றிவிட்டேன்.

அதனால் நீ வருவதற்குள் யோசித்து வை. பட்டனை அழுத்தினால் உடனே விளக்கு எரிகிறது. ஃபேன் சீராகச் சுற்றுகிறது. ஒரு பீப் வருகிறது. ஒரு நிமிடத்துக்குள் திரை வந்துவிடுகிறது, எழுத்து பளிச்சென்று இருக்கிறது. தேதி சரி, நேரம் சரி. கீபோர்டில் எல்லா எழுத்தும் விழுகிறது. அணைத்தால் அணைந்துவிடுகிறது, நான் அழுத்தாமல் வருவதில்லை. எல்லாம் சரியாக வேலை செய்கிறது, சின்னவனே. அடுத்து எதைக் கழற்றிப் பார்ப்பது?

அக்கா